2006 லகூன் 380, லங்காவியில் விற்பனைக்கு: சர்வேக்குக் காசு போடும் முன் நானே எதைப் பார்க்கலாம்?

பினாங்குப்பாய் கேட்டது:

வணக்கம். லங்காவியில் நிற்கும் ஒரு லகூன் 380 மேல் கண். இரண்டு ஹல் (படகின் உடல்) கொண்ட கேடமரன் பாய்மரப் படகு. வீட்டில் நாலு பேர். முதலில் லங்காவி, புக்கெட் பக்கம் ஓட்டிப் பழகிவிட்டு, இரண்டு மூன்று வருடத்தில் திருகோணமலை வரை போகும் எண்ணம். இதுவரை ஓட்டியதெல்லாம் 32 அடி ஒற்றை ஹல் படகுதான்.

விற்பவர் கொடுத்த விவரம்: 2006 கட்டு, மூன்று கேபின். முதல் ஐந்து வருடம் கரீபியனில் சார்ட்டர் (வாடகைப் படகு) ஓடியது. 2011இல் இப்போதைய உரிமையாளர் வாங்கி, பசிபிக் வழியாக இங்கே கொண்டுவந்தார். யன்மார் 3ஒய்எம்30 என்ஜின் இரண்டு, எஸ்டி20 செயில்டிரைவ் (என்ஜினிலிருந்து ஹல்லுக்குக் கீழே இறங்கி ப்ரொப்பல்லரைச் சுழற்றும் கால்). இடது 4,100 மணி, வலது 2,650 மணி. மாஸ்ட்டை (பாய்மரத்தை) நிறுத்திப் பிடிக்கும் கம்பிகள் 2014இல் மாற்றியது. பாய்கள் "நல்ல நிலை". ஏஜிஎம் பேட்டரி 2019. பிரிட்டிஷ் எஸ்எஸ்ஆர் பதிவு. கேட்கும் விலை 1,45,000 அமெரிக்க டாலர்.

சர்வேயர் (படகைச் சோதித்து அறிக்கை தருபவர்), கரையேற்றும் கூலி எல்லாம் சேர்த்தால் இரண்டாயிரம் டாலருக்குக் குறையாது போல. அதைச் செலவழிக்கும் முன் ஒரு நாள் நானே போய், எதைப் பார்த்தால் "இது வேண்டாம்" என்று திரும்பி வந்துவிடலாம்? விலை எப்படி?


சுத்தியல்:

மெத்தை, சார்ட் பிளாட்டர், ஃபிரிட்ஜ் பக்கமே போகாதீங்க. அதெல்லாம் கடையில் விலை தெரிஞ்ச சாமான். இந்த வயசு கேடமரனில் பணத்தை விழுங்குறது மூணு: மாஸ்ட்டுக்குக் கீழே இருக்கிற கட்டமைப்பு, டெக்கின் ரெண்டு ஃபைபர் தகட்டுக்கு நடுவே வச்ச பால்சா மரம் நனைஞ்சு ஊறினது, செயில்டிரைவ். மூணாவதை என்ஜின்காரங்க யாராவது சொல்லட்டும்.

மாஸ்ட் டெக் மேலேதான் நிக்குது. கம்பிகளோட இழுவை மொத்தமும் அதைக் கீழே அமுக்குது. அலையில் ரெண்டு ஹல்லும் ஒண்ணு ஏற, ஒண்ணு இறங்கன்னு படகையே முறுக்குது. அந்த அமுக்கலும் இந்த முறுக்கலும் வந்து சேர்ற இடம் மாஸ்ட்டுக்கு நேர் கீழே இருக்கிற பல்க்ஹெட், அதாவது படகுக்குள்ள குறுக்கே நிக்கிற சுவர். அதனால முதல் ஒரு மணி நேரத்தை அங்கேயே செலவு பண்ணுங்க. அலமாரிப் பலகை, சீலிங் பேனல் எதெல்லாம் ஸ்க்ரூவில் நிக்குதோ, கழட்டிக் காட்டச் சொல்லுங்க. "கழட்ட முடியாது"ன்னா அதையும் குறிச்சு வச்சுக்கங்க. பல்க்ஹெட் ஹல்லோட சேர்ற மூலையில் ஃபைபர் பட்டை போட்டு ஒட்டியிருப்பாங்க. டார்ச்சை நேரா அடிக்காம, சுவரை ஒட்டிச் சாய்ச்சு அடிங்க. பட்டையோட விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடுதா பாருங்க. நகம் வச்சு இழுத்தா மாட்டாத கோடு பெரும்பாலும் பெயிண்ட். நகம் மாட்டினா சந்தேகம். விசிட்டிங் கார்டு உள்ளே நுழைஞ்சா பட்டை விட்டுப்போச்சு, திரும்பி வந்துடலாம்.

கேபின் கதவு எல்லாத்தையும் மூடித் திறந்து பாருங்க. மேல் மூலையில் உரசுற கதவு, யாரோ இழைப்புளி போட்டுச் சீவின கதவு ரெண்டும் டெக் இறங்கியிருக்கலாம்னு சொல்லுது. மாஸ்ட் அடியில் ஒரு மீட்டர் அலுமினிய ரூலரைக் குறுக்கே வைங்க. நடுவில் வெளிச்சம் தெரிஞ்சா பள்ளம். மாஸ்ட் காலைச் சுத்தி வட்டமா ஓடுற ஜெல்கோட் (ஃபைபர் மேல் பூச்சு) வெடிப்பும் அதே சேதிதான்.

அடுத்தது டெக். பிளாஸ்டிக் தலை வச்ச சின்னச் சுத்தியல் போதும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு. நல்ல இடம் "டக்"குனு திருப்பிச் சொல்லும், ஊறின இடம் "தொப்"புனு அமுங்கும். கைப்பிடிக் கம்பி அடி, கிளீட், நங்கூர விஞ்ச், ஹேட்ச் ஓரம் இதெல்லாம் எல்லாரும் தட்டுவாங்க. உரிமையாளர் பிறகு தானே துளை போட்டு மாட்டின சாமானை மறந்துடாதீங்க. சோலார் சட்டம், ஆன்டெனா, டிங்கி (சின்னத் துணைப் படகு) தொங்கவிடுற டேவிட். கம்பெனியில் போல்ட் போற இடத்தில் பால்சாவை எடுத்துட்டுக் கெட்டி ஃபைபர் வச்சிருப்பாங்க. வீட்டுத் துளையில் நேரா பால்சாவிலேயே ஸ்க்ரூ ஏறியிருக்கும், தண்ணி அதுவழியாத்தான் போகும். ஈரமானி வச்சிருந்தா மத்தியானத்துக்கு மேல வைங்க. லங்காவிக் காலைப் பனியில் எந்த டெக்கும் நனைஞ்சதாத்தான் காட்டும்.

பிறகு டிங்கியில் ரெண்டு ஹல்லுக்கு நடுவே போய்ப் படுத்துக்கிட்டு மேலே பாருங்க. லகூன் 380க்குப் பிரிட்ஜ்டெக் (ரெண்டு ஹல்லையும் இணைக்கிற நடுத்தளம்) ரொம்ப உயரம் இல்லை, எதிரலையில் அடிவாங்கும். அங்கே நட்சத்திர வடிவில் வெடிப்பு, ஹல்லோட சேர்ற வளைவில் நீளக் கோடு இருந்தா படம் எடுத்து இங்கே போடுங்க. ஹல்லின் உள்பக்கத்தில் இருக்கிற எஸ்கேப் ஹேட்ச் அக்ரிலிக்கில் வலைப்பின்னல் மாதிரிக் கீறல் இருந்தா மாத்தியே ஆகணும். அது தண்ணி மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கு.

கீல் (ஹல்லுக்கு அடியில நீட்டியிருக்கிற பகுதி), சுக்கான் ரெண்டும் கரையேத்தினால்தான் தெரியும். அது சர்வே நாள் வேலை. யார்டுகிட்ட டிராவல்லிஃப்ட் (படகைத் தூக்குற கிரேன்) அகலத்தை முன்னாடியே கேளுங்க, இந்தப் படகு 6.53 மீட்டர் அகலம். தூக்கி ஒரு மணி நேரம் கழிச்சும் சுக்கான் அடியில் சொட்டிக்கிட்டே இருந்தா உள்ளே நுரை ஊறிப்போச்சு.


டீசல்கை:

3ஒய்எம்30க்கு 4,100 மணி பயப்படுற கணக்கு இல்லை. கேக்க வேண்டியது, ரெண்டுக்கும் நடுவே ஏன் 1,450 மணி வித்தியாசம். பெரும்பாலும் நங்கூரத்தில் நிக்கும்போது பேட்டரி சார்ஜுக்கு இடது என்ஜினை மட்டும் ஐடிலில் ஓட்டியிருப்பாங்க. கடலில் லோடோட ஓடின ஆயிரம் மணியைவிட, இப்படிச் சும்மா ஓடின ஆயிரம் மணி கெடுதல். என்ஜின் சூடே ஏறாது, பாதி எரிஞ்ச டீசல் கரியா அப்பும்.

அந்தக் கரி முதலில் அடைக்கிற இடம் எக்சாஸ்ட் மிக்ஸிங் எல்போ, புகையும் குளிர்விக்கிற தண்ணியும் கலக்கிற வளைகுழாய். ஹோஸ் கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை உருவி, உள்ளே விரலை விட்டுப் பாருங்க. ரெண்டு விரல் போக வேண்டிய துளையில் சுண்டுவிரல்தான் போகுதுன்னா, அந்த என்ஜின் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. எல்போ மாத்துறது பெரிய செலவு இல்லை. ஆனா அதோட நிலைமை பராமரிப்போட நிலைமையைக் காட்டிக்கொடுத்துடும்.

போறதுக்கு முந்தின நாளே சொல்லிடுங்க: நான் வர்ற வரை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. போனதும் பிளாக்கில் கை வைங்க. வெதுவெதுப்பா இருந்தா யாரோ உங்களுக்கு முன்னாடி எழுப்பி விட்டிருக்காங்க. குளிர்ந்த என்ஜின் ரெண்டு மூணு நொடியில் பிடிக்கணும். ஆரம்பத்தில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினா சரி. சூடான பிறகும் டீசல் வாசத்தோட வெள்ளைப் புகை நின்னா இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரெஷன். நீலம்னா ஆயில் எரியுது.

கடலில் ஓட்டும்போது, ஒவ்வொரு என்ஜினா, பத்து நிமிஷம் முழு த்ராட்டில். கம்பெனி கணக்கு 3,600 ஆர்பிஎம். 3,400க்கு மேல ஏறினா திருப்தி. 3,000லயே நின்னு கறுப்பா கக்கினா, ப்ரொப்பல்லரில் சிப்பியா, எல்போ அடைப்பா, பிட்ச் (இறக்கைச் சாய்வு) தப்பான ப்ரொப்பல்லரா, எதுன்னு கண்டுபிடிக்கணும். அந்தப் பத்து நிமிஷத்தில் டெம்பரேச்சர் ஏறிக்கிட்டே போகக் கூடாது.

இப்போ செயில்டிரைவ். டிப்ஸ்டிக்கை எடுத்து வெள்ளைத் துணியில் துடைங்க. பால் காப்பி நிறம்னா கடல்தண்ணி உள்ளே போயிருக்கு. பெரும்பாலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சீல்தான், அதில் தூண்டில் நரம்பு சுத்தி அறுத்திருக்கும். சீல் விலை கொஞ்சம்தான், ஆனா படகைத் தூக்காம வேலை நடக்காது. எத்தனை நாள் அந்தத் தண்ணியோடயே ஓட்டினாங்கன்னுதான் உள்ளே இருக்கிற பேரிங்குக்குக் கவலை.

ஹல்லில் போட்ட பெரிய ஓட்டையைக் கடல்கிட்டேயிருந்து பிரிக்கிறது ஒரு ரப்பர் டயஃப்ரம். வால்வோ பென்டா தன் டிரைவுக்கு 7 வருஷத்தில் மாத்தச் சொல்லுது. யன்மாரையும் அதைத் தாண்ட விடாதீங்க. கடைசியா மாத்தின பில்லைக் கேளுங்க, "பார்த்தேன், நல்லா இருக்கு"ங்கிறது பதில் இல்லை. என்ஜினை நகர்த்தித்தான் மாத்த முடியும், அதனால செலவு ரப்பரில் இல்லை, கூலியில்.

தண்ணிக்கு அடியில் அந்தக் கால் அலுமினியம். யாராவது ஹல்லுக்கு அடிச்ச காப்பர் ஆன்டிஃபவுலிங்கை (சிப்பி ஒட்டாம தடுக்கிற பெயிண்ட்) அதுக்கும் சேர்த்து அடிச்சிருந்தா, அலுமினியம் தன்னையே தின்னுடும். பெயிண்ட் கொப்புளத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினா வெள்ளை மாவு கொட்டும்.

கையோட ஸீகாக் வால்வையும் (ஹல் துளையை மூடுற பித்தளை வால்வு) பாருங்க. கத்தி நுனியால் ஒரு சின்னக் கீறல். மஞ்சளா மின்னினா உயிர் இருக்கு. செப்பு மாதிரி இளஞ்சிவப்பா இருந்தா துத்தநாகம் போயிடுச்சு, கைப்பிடியைத் திருப்பும்போது கையோட வந்தாலும் வரும். அதனால அதை வலுவா திருப்பிப் பார்க்காதீங்க.


காகிதக்கப்பல்:

படகைப் பார்க்கப் போகும் முன்பே இன்சூரன்ஸுக்கு எழுதிக் கேளுங்கள். படகின் வயது, உங்கள் ஓட்டிய அனுபவம், போகப்போகும் கடல் மூன்றையும் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். கேடமரன் அனுபவம் இல்லாதவருக்கு முதல் சில பயணங்களில் அனுபவமுள்ள ஸ்கிப்பர் கூட வர வேண்டும் என்று சில கம்பெனிகள் நிபந்தனை போடும். கம்பி 2014 என்று தெரிந்தால் மாற்றாமல் பாலிசி தர மாட்டோம் என்றும் சில கம்பெனிகள் சொல்லலாம். விலை பேசும்போது அந்தக் கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எஸ்எஸ்ஆர் பற்றி ஒரு எச்சரிக்கை. பிரிட்டனின் அந்தச் சிறு கப்பல் பதிவேடு உரிமைக்கு ஆதாரம் ஆகாது, படகின் மேல் அடமானம் இருந்தால் அதில் ஏறவும் ஏறாது. பதிவுச் சீட்டில் பேர் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. அதே நாட்டின் முதல் பகுதிப் பதிவேட்டில்தான் அடமானம் பதிவாகும். ஆகவே சங்கிலியாகக் கேளுங்கள்: கட்டிய கம்பெனியின் முதல் இன்வாய்ஸ், சார்ட்டர் உரிமையாளரிடமிருந்து 2011இல் வாங்கிய பில் ஆஃப் சேல், இப்போது உங்களுக்கு எழுதப்போவது. நடுவில் ஒரு கண்ணி விட்டிருந்தால் பிறகு நீங்கள் விற்கும்போது அது உங்கள் தலைவலி. படகு விற்றதும் எஸ்எஸ்ஆர் பதிவு செத்துவிடும். அந்தப் பதிவு பிரிட்டனில் குடியிருப்பவர்களுக்கானது, உங்களுக்கு மாறாது. எந்தக் கொடியில் பதிவு செய்யப்போகிறீர்கள் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

ஹல்லின் பின்புறம் வலது பக்கத்தில் செதுக்கிய ஹல் எண் இருக்கும், கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருடம். அதைக் காகிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப்பாருங்கள். லங்காவி வரியில்லாத் தீவு. படகு பினாங்குக்கு வந்து நிரந்தரமாக நின்றால் வரி என்ன என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள். சுங்கத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் "சர்வேக்கும் கடலோட்டத்துக்கும் உட்பட்டது" என்ற வரி இல்லாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். வழக்கமாக 10 சதவீதம், அதுவும் எஸ்க்ரோ (நடுவர் வைத்திருக்கும்) கணக்கில். விற்பவரின் சொந்தக் கணக்கில் போட்ட பணம் போட்டதுதான். சர்வேயரைத் தேர்ந்தெடுப்பது நீங்கள். தரகர் நீட்டும் பட்டியலில் முதல் பெயரை எடுக்காதீர்கள்.

இந்தப் படகு 2011லேயே கரீபியனை விட்டுவிட்டதால் பொருந்தாது. ஆனால் வேறு சார்ட்டர் படகு பார்க்க நேர்ந்தால், 2017 செப்டம்பரில் எங்கே நின்றது என்று கேளுங்கள். இர்மா புயல் டோர்டோலாவில் கேடமரன்களை அடுக்கடுக்காகக் குவித்துப் போட்டது. பழுது பார்த்து விற்றவை இன்னும் சுற்றுகின்றன.


ரீஃப்போடு:

கம்பி, பாய், எடை. இந்த மூன்றும் நான்.

ஒற்றை ஹல் படகில் காற்று ஓங்கினால் படகு சாயும், பாதி விசை வழிந்துவிடும். கேடமரன் சாயாது. அத்தனையும் கம்பியில்தான் ஏறும். பின் கம்பி வேறு கிடையாது, பக்கக் கம்பிகளே பின்னோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் 2014 கம்பியைப் பளபளப்பைப் பார்த்து மன்னிக்காதீர்கள். கீழ் முனையில் அமுக்கிய ஸ்வேஜ் இருக்கிறதே, அதற்கு மேல் ஒரு சாண் கம்பியில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி இழுங்கள். பேப்பர் கிழிந்தால் ஓர் இழை அறுந்திருக்கிறது. ஸ்வேஜிலேயே துருக்கோடு நீளவாக்கில் ஓடினால் உள்ளே வெடிப்பு. இரண்டும் இல்லாவிட்டாலும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

அணியத்தில் இரண்டு ஹல்லையும் இணைக்கும் அலுமினியக் குறுக்குத்தண்டு: ஸ்டீல் போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு இருக்கும். கொஞ்சம் இருந்தால் எல்லாப் படகிலும் உள்ளதுதான். தண்டு உப்பி, பெயிண்ட் தூக்கியிருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே இரண்டு ஹல்லுக்கும் நடுவே கட்டிய ட்ராம்போலின் வலை. கையால் தேய்த்து வெள்ளைத் தூள் ஒட்டினால் வெயிலில் செத்துவிட்டது. பிள்ளைகள் விளையாடப்போகும் இடம்.

"நல்ல நிலை" பாய்க்கு ஒரு சோதனை. ஜெனோவா (முன்பக்கப் பெரிய பாய்) ஓரத்தில் வெயில் மறைக்கும் நீலப் பட்டைத் தையலில் நகத்தால் சுரண்டுங்கள். நூல் பொட்டுப் பொட்டென்று அறுந்தால் துணி நன்றாக இருந்தாலும் தையல் முழுக்கப் போக வேண்டும். துணியே ஈரக் காகிதம் மாதிரித் துவண்டால் தையலுக்குக் காசு போடாதீர்கள்.

எடை. ஒற்றை ஹல்காரர்களுக்கு இதுதான் புரியாது. பேர் நம் கட்டுமரத்தின் பேர், ஆனால் நனைந்தாலும் மிதக்கும் மரம் இல்லை இது. லகூன் 380இன் வெற்று எடை சுமார் 7.3 டன். இரண்டு ஹல்லும் தண்ணீரில் பதியும் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீட்டர் என்று வையுங்கள். ஒரு சென்டிமீட்டர் அமிழ சுமார் 185 கிலோ. பெயிண்ட் கோடு எட்டு சென்டிமீட்டர் உள்ளே போயிருந்தால் ஒன்றரை டன் சாமான். பத்து மில்லிமீட்டர் நங்கூரச் சங்கிலி 60 மீட்டரே 135 கிலோ வரும். கோட்டை இரண்டு முனையிலும் பாருங்கள். பின்பக்கம் அமிழ்ந்து, படிக்கட்டின் கீழ்ப்படி தண்ணீரில் இழுத்தால் வேகம் போகும், பிரிட்ஜ்டெக் அடியும் கூடும். ஒவ்வொரு உரிமையாளரும் கோட்டை மேலே ஏற்றிப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஆகையால் பழைய கோட்டின் தடயத்தையும் தேடுங்கள்.

விலைக்கு என் கணக்கு, டாலரில்: கம்பி 8,000. செயில்டிரைவ் இரண்டுக்கும் டயஃப்ரம், சீல் 3,500. மெயின், ஜெனோவா 10,000. பேட்டரி 2,500. வலை 1,500. கரையேற்றி ஆன்டிஃபவுலிங் 2,500. மொத்தம் 28,000. இதெல்லாம் முதல் வருடமே. பல்க்ஹெட் சுத்தமாக இருந்தால் 1,15,000இல் ஆரம்பித்து 1,25,000க்குள் முடியுங்கள். பல்க்ஹெட்டில் விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.


பினாங்குப்பாய்:

எல்லாருக்கும் நன்றி. போய்ப் பார்த்தாச்சு. பல்க்ஹெட் பட்டையில் கோடு எதுவும் இல்லை. டெக்கில் டேவிட் அடியில் ஓரிடம் மட்டும் "தொப்", ஒரு அடி அகலம். இடது எல்போவில் ஒரு விரல்தான் நுழைந்தது. செயில்டிரைவ் ஆயில் இரண்டும் சுத்தம், ஆனால் டயஃப்ரம் பில் 2013. முன் கேபின் கதவு ஒன்று மேலே உரசுகிறது. விற்பவர், மழையில் மரம் ஊதிவிட்டது என்கிறார். இதை எப்படி நம்புவது?


சுத்தியல்:

டேவிட் அடி ஒரு நாள் வேலைதான், அறுத்து எடுத்துக் கெட்டியா அடைச்சுடலாம். 2013 டயஃப்ரம், கேள்வியே இல்லை, விலையில் கழிங்க.

கதவுக்கு: மரம் ஊதினா அகலத்தில்தான் ஊதும், உயரத்தில் அவ்வளவா இல்லை. அதனால முதலில் தாழ்ப்பாள் பக்கம்தான் இறுகும். மேல் விளிம்பு மட்டும், அதுவும் ஒரு மூலையில் மட்டும் உரசினா மரத்தின் மேல பழி போட முடியாது. கதவைச் சுத்தி இடைவெளியை நாலு பக்கமும் அளந்து எழுதிக்கங்க, நாலைந்து தாளை மடிச்சு விட்டுப் பார்த்தாலே போதும். பிறகு சட்டத்தோட ரெண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளங்க. ரெண்டு மில்லி வித்தியாசம் தச்சனோடது. ஆறேழு மில்லின்னா சட்டம் சாய்ஞ்சிருக்கு.

சர்வே அன்னைக்கு ரிக்கர் (மாஸ்ட், கம்பி வேலைக்காரர்) ஒருத்தரைக் கூப்பிட்டு, படகு ஜெட்டியில் நிக்கும்போதே பக்கக் கம்பிகளை ரெண்டு பக்கமும் சமமா சில சுத்து தளர்த்தச் சொல்லுங்க. எத்தனை சுத்துன்னு எண்ணி வைக்கட்டும். தளர்ந்த பிறகு கதவு உரசாம மூடினா, டெக் அமுங்கித்தான் உரசியிருக்கு. அப்போ பல்க்ஹெட் பட்டையில் கோடு இல்லைங்கிறதை நம்பாதீங்க, மேலே போர்த்தியிருக்கிற பேனலைப் பிரிச்சுப் பார்க்காம கையெழுத்து வேண்டாம். தளர்த்தியும் அப்படியே உரசினா கதவு மாட்டியிருக்கிற கீலைப் பாருங்க. பெரும்பாலும் மேல் கீலில் ஒரு ஸ்க்ரூ கழண்டு கதவு தொங்கும்.